கட்டியோரும் காப்போரும்: சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்புத் தொழிற்கல்வியின் வரலாறு

சுவா சூ காங் என்னும் பெயரிலேயே ஒரு வேலைத்தலத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது. 'காங்' என்பது ஆற்றைக் குறிக்கும் தியோச்சூச் சொல். 'சுவா' என்பது அவ்வாற்றங்கரையில் தோட்டமிட்டுக் குடியேறிய தலைவரின் குலப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேம்பியரும் மிளகும் பயிரிட்ட குலத்தலைவர்களின் குடியிருப்புகள் இவ்வாறே பெயர்பெற்றன. லிம் சூ காங், இயோ சூ காங் ஆகியனவும் அவ்வழி வந்தவையே. கேம்பியருக்குப் பின் ரப்பரும் தென்னையும் வந்தன. பிறகு காய்கறித் தோட்டங்களும் கோழிப்பண்ணைகளும் வந்தன. 1980களின் பிற்பகுதி முதல் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990 மார்ச் 10ஆம் நாள் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1999 நவம்பர் 6ஆம் நாள் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் சேவை இங்கிருந்து புக்கிட் பாஞ்சாங் நோக்கித் தொடங்கியது.

ஊர் வரலாறுகளை நாம் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திவிடுகிறோம். கட்டடம் எழுந்து, நாடா வெட்டப்பட்டதும் அதன் கதை முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எழுப்பச் சில ஆண்டுகள் போதும். வீட்டின் குத்தகைக் காலமோ 99 ஆண்டுகள். அவ்வளவு காலமும் மின்தூக்கி ஓட வேண்டும். கூரைத் தொட்டியிலிருந்து தூய நீர் இறங்க வேண்டும். குப்பைக் குழாய் அடைபடாதிருக்க வேண்டும். நடைபாதை விளக்கு மாலைதோறும் எரிய வேண்டும். கீழ்த்தளம் நாள்தோறும் கூட்டப்பட வேண்டும். இப்பணிகள் தவறாது நடைபெறும்வரை அவற்றைச் செய்வோரை நாம் நினைப்பதில்லை.

அவர்களைக் குறித்து மூன்று வினாக்களை இவ்வுரையில் எழுப்புகிறோம். அவர்கள் தம் தொழிலை எங்கே கற்றனர்? கற்றதைச் சோதித்துச் சான்று அளித்தவர் யார்? கற்ற அளவுக்கு ஏற்ப அவர்களின் ஊதியம் உயர்ந்ததா? கற்றல், சான்று, ஊதியம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால்தான் ஒரு வேலை மதிப்புடைய தொழிலாகிறது. சிங்கப்பூரில் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் வந்தன. அவை ஒன்றையொன்று சேர்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றும் அச்சேர்க்கை முழுமை பெறவில்லை.

சிறைக்குள் ஒரு பட்டறை

இந்நகரின் முதல் பெரிய தொழிற்பட்டறை ஒரு சிறைக்குள் இருந்தது என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தோரும் வங்காளத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் சாலை, பாலம், கலங்கரை விளக்கம், அரசாங்கக் கட்டடம் எனப் பலவும் அவர்கள் கையால் உருவாயின. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று இஸ்தானா என வழங்கும் ஆளுநர் மாளிகையும் அவற்றுள் தலையாயவை.

இந்த வேலைகளைச் செய்ய அவர்கள் தொழில் பழக வேண்டியிருந்தது. செங்கல் அறுத்தல், சூளையிடுதல், கல் உடைத்துச் செதுக்குதல், தச்சு, கொல்லு, சுண்ணாம்பு வேலை ஆகிய அனைத்தும் அங்கே கற்பிக்கப்பட்டன. கைதிகளின் கண்காணிப்பாளராகவும் பொறியாளராகவும் பணியாற்றிய மேஜர் மெக்நேர், 1899இல் வெளியான தம் நூலில் இப்பட்டறைகளை விரிவாக விவரித்துள்ளார். தேவாலயத்தின் உட்சுவரில் பூசப்பட்ட மதராஸ் சுண்ணச்சாந்து அவர் தரும் சான்றுகளுள் புகழ்பெற்றது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயில் அமைந்த பகுதிக்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்னும் தமிழ்ப் பெயர் வழங்கியதன் காரணம் அதுவே.

அச்சிறையில் கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நன்னடத்தையோடு காலம் கழித்தவர் மேல்வகுப்புக்கு உயர்ந்தார். தவறியவர் கீழ்வகுப்புக்கு இறங்கினார். மேல்வகுப்பை எட்டியவர் சிறைக்கு வெளியே தாமே உழைத்துப் பிழைக்க அனுமதிச்சீட்டுப் பெற்றார். படிநிலை இருந்தது, பயிற்சியும் இருந்தது. ஆயினும் அப்படிநிலை கைதியின் பணிவை அளந்ததே தவிர, அவர் கைத்திறனை அளக்கவில்லை. சிறந்த கொத்தனாரும் சுமை தூக்கியவரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். 1873இல் இந்த ஏற்பாடு முடிவுற்றது. தண்டனைக் காலம் எஞ்சியிருந்தோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். அனுமதிச்சீட்டுப் பெற்றோர் பலர் இங்கேயே தங்கினர். சிறையோடு பட்டறையும் கலைந்தது. அங்குத் திரண்டிருந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஒரு பள்ளி எழவில்லை.

சித்தாள் முதல் மேஸ்திரி வரை

அதன் பின் வந்த உழைப்பாளர், நகராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் நாட்கூலிகளாகச் சேர்ந்தோர். அவர்களுள் தமிழர் மிகுதி. சாலை செப்பனிடுதல், வடிகால் தூர்வாருதல், துப்புரவு ஆகிய பணிகளை அவர்கள் செய்தனர். அவர்களுக்கு வகுப்பறை இல்லை. ஆனால் பழகுநர் முறை ஒன்று தமிழ் மண்ணிலிருந்தே உடன்வந்தது. கட்டட வேலையில் புதிதாகச் சேர்பவர் சித்தாள். அவர் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பார். கண் பழகி, கை பழகிய பின் கரண்டி பிடிப்பார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கைவந்தால் கொத்தனார் ஆவார். ஆட்களை நடத்தவும் அளவு பார்க்கவும் கற்றால் மேஸ்திரி ஆவார். 'மேஸ்திரி' என்னும் சொல்லே போர்ச்சுகீசிய மொழியில் தொழிலாசானைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆசானைக் குறித்த சொல் நம் வழக்கில் மேற்பார்வையாளருக்கு ஆகிவந்ததை எண்ணிப் பார்த்தால், பழைய முறையில் கற்பிப்பவரும் வேலை வாங்குபவரும் ஒருவரே என்பது விளங்கும்.

இம்முறையின் நன்மை பெரிது. வேலையைச் செய்துகொண்டே கற்கலாம். பிழை உடனே திருத்தப்படும். கருவியின் எடையையும் சாந்தின் பதத்தையும் எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது. குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. ஒருவர் கொத்தனார் ஆகிவிட்டார் என்பதை அவருடைய மேஸ்திரி மட்டுமே அறிவார். முதலாளி மாறினால் மதிப்பும் போய்விடும். மீண்டும் கீழிருந்து தொடங்க வேண்டும். யாரை உயர்த்துவது என்பது உறவையும் சாதியையும் விருப்பு வெறுப்பையும் சார்ந்தது. பெண்கள் வாழ்நாள் முழுதும் சித்தாளாகவே இருந்தனர். கரண்டி அவர்கள் கைக்கு வந்தது அரிது.

பராமரிப்பைத் திட்டமிட்டுச் செய்யும் பழக்கம் நமக்குப் புதிதன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்தும் வழக்கம் அதற்குச் சான்று. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் அண்மைக் குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12ஆம் நாள் நடைபெற்றது. குடமுழுக்குக்கு முந்தைய திருப்பணியில் சுதைச் சிற்பங்களைச் செப்பனிடுவோர் தந்தை வழியாகவும் ஆசான் வழியாகவும் தொழில் கற்றவர்கள். அந்தக் குலத்தொழிலுக்கும் 1957இல் மாமல்லபுரத்தில் ஒரு பயிற்சி நிலையம் தோன்றிற்று. வழிவழி அறிவு பள்ளியைத் தேடிச் செல்லும் காலம் எல்லாத் தொழில்களுக்கும் ஒருநாள் வருகிறது.

சான்றிதழ் வந்த காலம்

சிங்கப்பூரில் அக்காலம் 1960களில் வந்தது. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. வேலையின்மை மிகுந்திருந்த அந்நாளில் தொழிற்கல்வியை ஆராய 1961இல் சான் சியூ கியட் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 1973 ஏப்ரல் 1ஆம் நாள் தொழிற்பயிற்சி வாரியம் உருவாயிற்று. தேசியத் தொழிற்சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்பட்டது. மின்பணியாளர், பொருத்துநர், குளிர்சாதனத் தொழில்நுட்பர் ஆகியோரின் கைத்திறனுக்கு நாடு முழுதும் ஒரே அளவுகோல் முதன்முறையாகக் கிட்டியது. மேஸ்திரியின் தலையசைப்பில் மட்டும் வாழ்ந்த தகுதி, எடுத்துச் செல்லத்தக்க ஒரு தாளாயிற்று.

1979 ஏப்ரல் 1ஆம் நாள் அவ்வாரியம் வளர்ந்தோர் கல்வி வாரியத்துடன் இணைக்கப்பட்டது. தொடக்கக் கல்வி நிறைவுறாத தொழிலாளருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் அடிப்படைக் கல்வித் திட்டம் 1983இல் தொடங்கியது. கையில் திறன் இருந்தும் எழுத்துத் தடையாக நின்றோர் எத்தனை பேர் என்பதை அத்திட்டத்தின் தேவையே காட்டியது. 1990இல் ஜெர்மானிய இரட்டை முறையை முன்மாதிரியாகக் கொண்டு புதிய தொழில்பழகுநர் திட்டம் வந்தது. வாரத்தின் சில நாட்கள் பள்ளியிலும் மற்ற நாட்கள் நிறுவனத்திலும் கற்பது ஜெர்மானியர் வழக்கம். பழகுநரைத் தன் ஊழியராக ஏற்றுக் கற்பிப்பது நிறுவனத்தின் கடமை. 1992 ஏப்ரல் 1ஆம் நாள் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உருவாயிற்று.

அக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தின் மூன்று எழுத்துகளுக்கு 'இத்தோடு முடிந்தது' என்னும் பொருள்படக் கேலியாக விரிவு சொன்ன காலம் ஒன்றிருந்தது. 2007இல் அதே கழகம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி சார்ந்த புத்தாக்க விருதைப் பெற்றது. விருது வந்தது, ஆயினும் பெற்றோர் மனத்தில் கேலி முற்றாக மறைந்துவிட்டதா என்பதை ஆசிரியர்களே நன்கறிவர்.

காப்பதும் ஒரு தொழிலே

இவ்வளவிலும் ஓர் இடைவெளி இருந்தது. இச்சான்றிதழ்கள் தொழிற்சாலையையும் கட்டுமானத்தையும் கருதி அமைந்தவை. கட்டி முடித்த கட்டடத்தைக் காப்போர், பிற தொழில்களின் சான்றிதழ்களைக் கடன்பெற்றே பணியாற்றினர். 1980இல் அமெரிக்காவில் கட்டட வசதி நிர்வாகிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். மின்சாரம், நீர், காற்று, துப்புரவு, பாதுகாப்பு எனத் தனித்தனியே கிடந்த பணிகளை ஒரே துறையாகக் காணும் பார்வை அதன் வழி உலகெங்கும் பரவியது.

சிங்கப்பூரில் இப்பார்வைக்கு நகர மன்றங்கள் வழிகோலின. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் நகர மன்றங்கள் தொடங்கப்பட்டன. 1988இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பாகவும், பொது இடங்களைக் காப்பது நகர மன்றத்தின் பொறுப்பாகவும் பிரிந்தன. சுவா சூ காங்கில் வீடுகள் எழுந்ததும் இந்தப் பொறுப்புப் பிரிந்ததும் ஏறத்தாழ ஒரே காலம். ஆகவே இவ்வூர் தொடக்கம் முதலே பராமரிப்பைத் தனிப் பணியாகக் கொண்ட தலைமுறையைச் சேர்ந்தது. ஆனால் ஒப்பந்தப் போட்டியில் குறைந்த விலை கூறியவருக்கே பணி சென்றதால், துப்புரவாளரின் ஊதியம் நெடுங்காலம் உயராமல் கிடந்தது.

'இன்னும்' என்னும் சொல்

2003இல் ஊழியரணி மேம்பாட்டு அமைப்பு தோன்றியது. 2005இல் அது ஊழியரணித் திறன் தகுதி முறையைத் தொடங்கியது. திறன் அடிப்படையிலான பயிற்சி என்று நாம் இன்று கூறுவது இதனையே. இதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

நீரேற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்கும் பணி ஒன்று உள்ளது. பழைய தேர்வில் மோட்டாரின் பாகங்களை எழுதச் சொல்லி நூற்றுக்கு அறுபது மதிப்பெண் அளித்துத் தேர்ச்சி தருவர். திறன் முறையில் அப்பணி சிறுசிறு செயல்களாகப் பகுக்கப்படுகிறது. மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். விசையைப் பூட்ட வேண்டும். தம் பெயர் எழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். மின்னோட்டம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும். அதன் பின்னரே கை வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மதிப்பீட்டாளர் கண்முன் செய்துகாட்ட வேண்டும். நான்கை நன்றாகச் செய்து ஐந்தாவதை விட்டவருக்கு எண்பது மதிப்பெண் கிடையாது. அவர் விட்டது உயிரைக் காக்கும் செயலாக இருக்கலாம். இங்கே தீர்ப்பு இரண்டே: 'திறன் பெற்றார்' அல்லது 'இன்னும் திறன் பெறவில்லை'. தோல்வி என்னும் சொல் இல்லை. 'இன்னும்' என்பதில் மறுவாய்ப்பு அடங்கியிருக்கிறது. ஆசிரியர்களாகிய நாம் இச்சொல்லை நம் வகுப்பறைக்கும் கொண்டுவரலாம்.

இம்முறை, ஒருவர் எங்கே கற்றார் என்று கேட்பதில்லை. செய்ய முடியுமா என்றே கேட்கிறது. பல்லாண்டு வேலையில் கற்றவர் வகுப்பில் அமராமலே மதிப்பீட்டை எதிர்கொள்ள வழியுண்டு. மேஸ்திரியிடம் கற்றவருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதி இது.

ஆயினும் செயல்களின் பட்டியல் மட்டும் தொழிலாகிவிடாது. பழகிய பணியாளர் மோட்டாரின் ஒலி மாறியதைக் கேட்டே உருளை தேய்ந்ததை அறிவார். மழை விட்ட மறுநாள் எந்தச் சுவரின் எந்த மூலையில் ஈரம் கசியும் என்பதை அவர் நினைவில் வைத்திருப்பார். அந்தச் செவியும் அந்த நினைவும் பட்டியலில் எழுதி முடிவன அல்ல. மூத்தவர் அருகே பல மாதங்கள் நின்று பெறவேண்டியவை. எனவே திறன் மதிப்பீடும் பழகுநர் பயிற்சியும் போட்டியாளர்கள் அல்ல. முன்னது எவருக்கும் பொதுவான அளவுகோல். பின்னது அளவுகோலுக்குள் அடங்காததைக் கைமாற்றும் வழி. மதிப்பீடு இல்லாத பழகல் மேஸ்திரியின் தயவுக்குத் திரும்பும். பழகல் இல்லாத மதிப்பீடு சோதனை நாளுக்கு மட்டும் உதவும் ஒத்திகையாகும்.

ஊதியம் சேர்ந்த காலம்

மூன்றாவதான ஊதியம் மிகப் பிந்தி வந்தது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் முன்மொழிந்த படிப்படியாக உயரும் சம்பள முறை, 2014 செப்டம்பரில் துப்புரவுத் துறையில் கட்டாயமாக்கப்பட்டது. நிறுவனம் உரிமம் பெற வேண்டுமானால் இதனைப் பின்பற்ற வேண்டும். அன்று பொதுத் துப்புரவாளரின் தொடக்க மாத ஊதியம் 1,000 வெள்ளி. அதற்கு மேல் 1,200, இயந்திரம் இயக்கும் பன்முகத் திறனாளருக்கு 1,400, மேற்பார்வையாளருக்கு 1,600 எனப் படிகள் அமைந்தன. ஒவ்வொரு படிக்கும் உரிய பயிற்சி வரையறுக்கப்பட்டது. 2016இல் நிலவனப்புத் துறையும் பாதுகாவல் துறையும் இம்முறைக்குள் வந்தன. சான்றிதழையும் சம்பளத்தையும் சட்டம் ஒரே ஏணியில் கட்டியது இதுவே முதன்முறை.

இந்த ஏணியில் எல்லாரும் நிற்கவில்லை. இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்து அதே கட்டடங்களில் குழாயும் கம்பியும் பார்ப்போர் இதற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கும் திறன் சோதனை உண்டு. ஊரில் பயிற்சி நிலையத்தில் தங்கி, ஓடு பதித்தலிலோ மின்கம்பியிடுதலிலோ தேர்ச்சி பெற்ற பின்னரே பலர் இங்கு வருகின்றனர். அதனை அவர்கள் 'டெஸ்ட் அடிப்பது' என்பர். அச்சொல் வழக்கில் ஒரு கசப்பான உண்மை ஒளிந்திருக்கிறது: சோதனை அங்கே கடக்கவேண்டிய ஒரு வாயிலாகிவிட்டது. கடன்பட்டுத் தேறிய தொழில் ஒன்றாகவும், வந்தபின் செய்யும் வேலை வேறொன்றாகவும் அமைவதுண்டு. சிறைப் பட்டறையில் திறன் இருந்தும் அதை அளப்பார் இல்லை. இங்கே அளவை இருந்தும் அளந்த திறன் பயன்படுவதில்லை.

மீண்டும் சுவா சூ காங்

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேற்குக் கல்லூரி 2010 முதல் சுவா சூ காங் குரோவில் இயங்கிவருகிறது. அரசாங்கம் இடமும் நோக்கமும் தர, தனியார் குழுமம் ஒன்று வடிவமைத்துக் கட்டி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் அவ்வளாகம் எழுந்தது. கல்வித் துறையில் இத்தகைய ஏற்பாடு சிங்கப்பூரில் அதுவே முதலாவது. கட்டுபவரே காக்கவும் வேண்டுமென்றால் அவர் வேறுவிதமாகக் கட்டுவார். எட்டாத உயரத்தில் விளக்கு வைக்கமாட்டார்; குழாயைச் சுவருக்குள் புதைத்து மூடமாட்டார். காப்பவரின் அறிவு வரைபட மேசைக்கே செல்லவேண்டும் என்பதை அவ்வொப்பந்தம் உணர்த்துகிறது. 2018இல் இக்கழகம் வேலையோடு பட்டயக் கல்வி பயிலும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் ஊதியம் பெறும் ஊழியராகவும் இருக்கிறார்; நிறுவனமும் கழகமும் சேர்ந்து கற்பிக்கின்றன. கற்றல், சான்று, ஊதியம் ஆகிய மூன்றும் ஒருவரிடம் முதல் நாளிலேயே கூடும் வழி இது.

எஞ்சியிருப்பது மொழி. கட்டுமானப் பாதுகாப்பு வகுப்பு தமிழிலும் நடத்தப்படுகிறது. உயிர் காக்கும் அறிவு புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. அந்த நிலைக்கு மேல் ஏற ஏறத் தமிழ் மறைகிறது. மேற்பார்வையாளர் எழுதும் பழுதறிக்கையும் பராமரிப்பு அட்டவணையும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. ஆங்கிலம் கற்பதை நாம் குறைகூறவில்லை, அது தேவை. ஆயினும் தூக்குக்குண்டு, ரசமட்டம், சாந்து, காளவாய் எனத் தொழிலுக்கு அத்தனை சொல் படைத்த மொழி, மின்தூக்கிக் குழியிலும் குளிரூட்டி அறையிலும் பேச்சற்றுப்போவது நமக்கு இழப்பாகும்.

மாணவர்கள் ஒரு சிறு பணியைச் செய்யலாம். தாம் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஒருவரிடம், அவர் தொழிலை யாரிடம் கற்றார், எந்தக் கருவிக்கு என்ன பெயர் சொல்கிறார், எந்தப் பயிற்சிக்குப் பின் ஊதியம் உயர்ந்தது என்று கேட்டு எழுதிவரலாம். ஆசிரியர்கள் அக்குறிப்புகளைத் தொகுத்து வைக்கலாம். 1873இல் கலைந்த பட்டறையிலிருந்து தொழிலாளர் ஒருவர் தம் மொழியில் எழுதிய பாடக்குறிப்பு நம் கைக்கு வரவில்லை. அங்கு நடந்ததை மேலதிகாரியின் நூல் வழியாகவே அறிகிறோம். இன்றைய பட்டறையின் வரலாற்றையேனும் அதில் உழைப்போர் சொல்லக் கேட்டு எழுதிவைப்போம்.